வாட்டில முதல் கிழமை: வன்னிக்கு நேர்ஸா வாற ஆக்கள் என்னட்டக் கேக்கிற கேள்வியள்

நான் வன்னியில நேர்ஸா வந்து பத்து வருசத்துக்கு மேல. ஒவ்வொரு முறையும் ட்ரெய்னிங் முடிச்சு புதுப் பிள்ளையள் வரேக்க முதல் கிழமை நைட் டியூட்டியில தேத்தண்ணி குடிக்கிற நேரம் இதே கேள்வியள்தான் வரும். வாயால சொல்லிச் சொல்லி ஏதாவது ஒண்டு விடுபட்டுப் போகுது, அதுதான் இருந்து எழுதினனான். உங்கட வாட்டில எழுதி வச்சிருக்கிற முறை இதுக்கு வேறயா இருந்தா அதைத்தான் செய்யவேணும்.

அக்கா முதல் நாள் என்னென்ன கொண்டு வரவேணும்?

நீலப் பேனை ரெண்டு, சிவப்பு ஒண்டு, பொக்கெட்டுக்குள்ள போற சின்னக் கொப்பி, செக்கன் முள் ஓடுற மணிக்கூடு. போனில நேரம் பாத்து நாடி எண்ணலாம் எண்டு நினைக்காதைங்கோ, போனைத் தொட்ட கையால நோயாளியைத் தொடுறதும் சரியில்லை. அந்தக் கொப்பி முக்கியம், பிறகு கன இடத்தில அதைப் பற்றிச் சொல்லுவன்.

தண்ணிப் போத்தலும் ஏதாவது சாப்பாடும். காலமை 7 இல இருந்து 1 மணி, 1 இல இருந்து 7, பிறகு இரவு 7 இல இருந்து விடிய 7 எண்டுதான் டியூட்டி ஓடும். மல்லாவி, புதுக்குடியிருப்புப் பக்கம் எண்டா பஸ்ஸை நம்பி வாற ஆக்கள் வெறும் வயித்தோட வந்து பத்து மணிக்குத் தலை சுத்தி நிண்டதைக் கண்டிருக்கிறன். வன்னி வெக்கை உங்களுக்குப் பழகுமட்டும் தண்ணியைக் குடிச்சுக்கொண்டே இருங்கோ.

நோயாளியை என்னெண்டு கூப்பிடுறது? நீங்கள் எண்டா தூரமா இருக்கும்போல கிடக்கு

ஒரு தூரமும் இல்லை. அம்மா, ஐயா, அண்ணை, அக்கா, தங்கச்சி, வயசுக்கு எது பொருந்துதோ அது. சின்னப் பிள்ளையளைத் தவிர ஒருத்தரையும் நீ எண்டு சொல்லக்கூடாது. அவை எங்களை மிஸ் எண்டுவினம், வயசுபோன ஆக்கள் பிள்ளை எண்டுவினம், எனக்கு ரெண்டாவதுதான் விருப்பம்.

"ஆறாம் கட்டில்", "அந்த சீனிக் கேஸ்" எண்டு அவைக்குக் கேக்கத்தக்கதாச் சொல்லாதைங்கோ. அந்த ஆறாம் கட்டில் ஐயா ரெண்டு ஏக்கர் வயலை விதைச்சுப்போட்டு வந்து படுத்திருக்கிறார், அந்த நெல்லு என்ன ஆச்சுதோ எண்டு யோசிச்சுக்கொண்டு கிடப்பார்.

ஓவர் (டியூட்டி மாறேக்க முதல் நிண்ட ஆக்கள் நோயாளியளைப் பற்றிச் சொல்லி ஒப்படைக்கிறது) எடுக்கேக்க ஒண்டுமே விளங்கேல்ல, எல்லாரும் வேகமாச் சொல்லிட்டுப் போகினம், நான் என்ன செய்ய?

எல்லாருக்கும் முதல் கிழமை அப்பிடித்தான். கொப்பியில கட்டில் நம்பரை மட்டும் வரிசையா எழுதி வச்சிட்டு ஒவ்வொண்டுக்கும் நாலு விசயத்தை மட்டும் பிடியுங்கோ: என்ன வருத்தம், என்ன ஏறிக்கொண்டிருக்கு, அடுத்து எத்தினை மணிக்கு என்ன செய்யவேணும், என்ன நடந்தா டொக்டரைக் கூப்பிடவேணும். நாலாவதை ஒருத்தரும் தாங்களாச் சொல்ல மாட்டினம், நீங்கள்தான் கேக்கவேணும்.

ஓவரை மேசையில இருந்து எடுக்காதைங்கோ, கட்டிலடிக்குப் போய் எடுங்கோ. சேலைன் ஓடுது எண்டு சொல்லுவினம், போய்ப் பாத்தா கை வீங்கியிருக்கும். சலம் போற பாக்கில 300 எண்டு சொல்லுவினம், அது எப்ப வெறுமையாக்கினது எண்டு ஒருத்தருக்கும் தெரியாது. உங்கட கண்ணால பாக்காத ஒண்டை உங்கட கையெழுத்தில எழுதாதைங்கோ.

ஒவ்வொருக்காவும் கை கழுவ எங்க அக்கா நேரம், முப்பது பேர் கிடக்கினம்

அல்ககோல் ஜெல் எண்டா 20 இல இருந்து 30 செக்கன், சவுக்காரமும் தண்ணியும் எண்டா 40 இல இருந்து 60 செக்கன். நோயாளியைத் தொட முதல், ஊசி, கனுலா (சேலைன் ஏத்த நரம்புக்குள்ள விடுற சின்னக் குழாய்) மாதிரி சுத்தமா இருக்கவேண்டிய வேலைக்கு முதல், ரத்தம் சலம் பட்ட பிறகு, நோயாளியைத் தொட்ட பிறகு, அவற்ற கட்டில் மேசை தொட்ட பிறகு, இந்த அஞ்சு இடம். கடைசியைத்தான் எல்லாரும் விடுறது. வயித்தோட்டக்காரர் எண்டா ஜெல் காணாது, சவுக்காரம்தான். கை உலர முதல் கிளவுஸைப் போடாதைங்கோ, தோல் வெடிக்கும்.

கனுலா போடேக்க கை நடுங்குது, ரெண்டு தரம் குத்தியும் வரேல்ல

ரெண்டு தரம் வரேல்ல எண்டா நிப்பாட்டிட்டு இன்னொரு ஆளைக் கூப்பிடுங்கோ. அது வெக்கம் இல்லை, மூண்டாந்தரம் குத்துறதுதான் பிழை. நடுக்கம் போகவேணும் எண்டா நிண்டுகொண்டு குத்தாமல் கதிரையை இழுத்துப் போட்டு இருந்து, முழங்கையைக் கட்டிலில ஊண்டிக்கொண்டு செய்து பாருங்கோ. கையைக் கட்டின பிறகு அவசரப்படாமல் நரம்பை விரலால தடவிப் பாருங்கோ, கண்ணுக்குத் தெரியிறதை விட விரலுக்குத் தெரியிற நரம்பு நல்லது. வயல் வேலை செய்யிற ஐயாமாரின்ர தோல் தடிப்பு, ஊசி போகேக்க ஒரு பிடிப்பு இருக்கும், அதில பயந்து நிப்பாட்டினா நரம்பு விலகிப் போயிடும்.

நிறம் மனசில இருக்கட்டும். 24 மஞ்சள், 22 நீலம், 20 ரோஸ், 18 பச்சை, 16 சாம்பல். நம்பர் குறையக் குறைய ஊசி பெருசு. ரத்தம் போற ஆளுக்கு நீலத்தைப் போட்டிட்டு ரத்தம் ஏத்த நிண்டா வேகமா ஓடாது.

மருந்தை ஆள் மாறிக் குடுத்திடுவன் எண்டுதான் எனக்குப் பெரிய பயம்

அந்தப் பயம் போகக்கூடாது, இருக்கட்டும். எனக்கு நடந்ததைச் சொல்லுறன். நான் வேலைக்கு வந்த மூண்டாம் மாசம், வைகாசி வெக்கை, பொம்பிளையளின்ர வாட். பன்ரெண்டாம் கட்டிலுக்கு மேல இருந்த ஃபான் ஓடேல்ல. பதினொராம் கட்டில் அம்மா இரக்கப்பட்டு "நீ இதில படு, எனக்கு வெக்கை பழக்கம்" எண்டு தன்ர இடத்தை மற்றவவுக்குக் குடுத்திட்டா. எனக்கு அது தெரியாது. காலமைச் சாப்பாட்டுக்கு முதல் இன்சுலினை எடுத்துக்கொண்டு போய்ப் பதினொராம் கட்டிலடியில நிண்டு பேரைச் சொல்லி "நீங்கள்தானே அம்மா" எண்டு கேட்டன், அவவுக்குக் காது மட்டு, சிரிச்சுக்கொண்டு "ஓம் பிள்ளை" எண்டா. சீலையை விலக்கிப் பஞ்சாலயும் துடைச்சிட்டன். அந்த நேரம் பக்கத்துக் கட்டிலில இருந்து "பிள்ளை, எனக்கு ஊசி போடாமல் இண்டைக்குச் சாப்பிடட்டே?" எண்டு ஒரு குரல். சீனி வருத்தம் இல்லாத ஒரு அம்மாவுக்கு நான் இன்சுலின் ஏத்தப் பாத்தனான். கையில இருந்த சிரிஞ்சைத் தட்டில வச்சிட்டு சுவரைப் பிடிச்சுக்கொண்டு நிண்டன்.

அண்டையில இருந்து நான் பேரைச் சொல்லிக் கேக்கிறதில்லை. "உங்கட முழுப் பேரைச் சொல்லுங்கோ அம்மா" எண்டுதான் கேப்பன், அவ சொல்லுறதை டிக்கெட்டில (நோயாளியின்ர விபரமும் மருந்தும் எழுதி வைக்கிற தாளில) இருக்கிறதோட பாப்பன், வயசும் பாப்பன், ஏனெண்டா ஒரே பேரில ஒரே வாட்டில ரெண்டு பேர் இருக்கிறது எங்கட பக்கம் சர்வசாதாரணம். ஆள் மயக்கம் எண்டா கையில கட்டியிருக்கிற பட்டி, இல்லாட்டி பக்கத்தில நிக்கிற சொந்தக்காரர். கட்டில் நம்பரை மட்டும் நம்பி ஒரு குளிசையும் குடுக்காதைங்கோ.

எந்த மருந்துகளில கூடக் கவனம் வேணும்?

எல்லாத்திலயும். ஆனா இன்சுலினும் பொட்டாசியமும் ஒரு பிழையில ஆளைக் கொண்டு போயிடும். இன்சுலின் ஒரு மில்லியில 100 யூனிட், அதால இன்சுலின் சிரிஞ்சாலதான் எடுக்கவேணும், சாதாரண சிரிஞ்சில கண் அளவால எடுக்கிற வேலையே வேண்டாம். டிக்கெட்டில 10 க்குப் பின்னால யூனிட் எண்டதுக்கு ஒற்றை எழுத்து மட்டும் போட்டிருந்தா அது பூச்சியம் மாதிரித் தெரிஞ்சு 100 ஆகும், சந்தேகம் எண்டா எழுதினவரையே கேளுங்கோ. பொட்டாசியம் குளோரைட்டை ஒருநாளும் சிரிஞ்சால நேர நரம்புக்குள்ள தள்ளக்கூடாது, இதயம் நிண்டிடும். சேலைனில கலந்து மெதுவாத்தான் ஏத்துறது, கலந்தாப்பிறகு போத்தலைக் கவிட்டுக் கவிட்டு நல்லாக் கலக்கவேணும், இல்லாட்டி அடியில நிக்கிற மருந்து முதல் ஓடும்.

இந்த ரெண்டையும் எடுக்கேக்க இன்னொரு நேர்ஸைக் கூப்பிட்டுக் காட்டிப்போட்டுக் குடுங்கோ. அவ எவ்வளவு பிசியா இருந்தாலும் திரும்பிப் பாப்பா.

பிபி மெசினில வாறதை அப்பிடியே எழுதினாக் காணாதா?

காணாது. மாரி தொடங்கினா எங்களுக்கு டெங்கு வாட் நிறையும், அங்க இது நல்லா விளங்கும். ஒரு தரம் பதினேழு வயசுப் பெடியன், மூண்டு நாள் காய்ச்சல் கிடந்து நாலாம் நாள் விட்டிட்டுது, தாய்க்குச் சந்தோசம், பையை அடுக்கத் தொடங்கிட்டா. மெசின் 100/80 எண்டு காட்டிச்சுது. மேல நூறு இருக்குத்தானே எண்டு படும். ஆனா ரெண்டுக்கும் இடையில இருபதுதான். கையைப் பிடிச்சா ஐஸ் மாதிரி, நகத்தை அமத்தி விட்டா நிறம் திரும்ப வர நேரம் எடுக்குது, கடைசியா எப்ப சலம் போனவன் எண்டு கேக்க தாய்க்குத் தெரியேல்ல. அது ஷொக், உடம்புக்கு ரத்த ஓட்டம் காணாமல் போற நிலை. உடன டொக்டரைக் கூப்பிட்டு சேலைன் கூட்டி மணித்தியாலக் கணக்கா நிண்டு பாத்து அவனைக் காப்பாத்தினம்.

டெங்கில காய்ச்சல் விடுற நேரம்தான் ரத்தக் குழாயில இருந்து நீர் கசியத் தொடங்கிறது, அந்த 24 இல இருந்து 48 மணித்தியாலம்தான் ஆபத்து. அதுக்குள்ள நீர் குறைஞ்சாலும் பிழை, கூடினாலும் நுரையீரலுக்குள்ள போகும். அதால குடிச்சதையும் ஏறினதையும் சலம் போனதையும் மில்லிக் கணக்கில எழுதவேணும். 50 கிலோ ஆள் எண்டா மணித்தியாலத்துக்கு 25 மில்லி சலமாவது போகவேணும். சொந்தக்காரர் அன்பில இளநி, ஜூஸ் எண்டு குடுத்துக்கொண்டே இருப்பினம், ஏசாதைங்கோ, ஒரு கப்பையும் ஒரு துண்டுப் பேப்பரையும் குடுத்து எழுதச் சொல்லுங்கோ, எங்களை விட வடிவா எழுதுவினம். வீட்டில காய்ச்சலுக்கு புரூபன், டைக்ளோபினாக், அஸ்பிரின் ஏதாவது குடுத்தவையோ எண்டும் கேளுங்கோ, ரத்தம் போறதைக் கூட்டும்.

நைட்டில பாம்பு கடிச்சு வந்தா நான் தனிய என்ன செய்ய?

விதைப்பு, அருவிவெட்டுக் காலத்தில கட்டாயம் வருவினம், சில பேர் பாம்பை உரப்பைக்குள்ள போட்டுக் கொண்டும் வருவினம். பையைத் திறக்காதைங்கோ, செத்த பாம்பும் கடிக்கும். ஆளைப் படுக்க வச்சு, கடிச்ச காலை ஆட்டாமல் வச்சு, மோதிரம் காப்பு கழட்டி, கடிச்ச நேரத்தை எழுதி, டொக்டருக்குச் சொல்லி, கடி படாத கையில கனுலா. இறுக்கிக் கட்டிக்கொண்டு வந்திருந்தா நீங்களா உடன அவிழ்க்காதைங்கோ, கனுலா போட்டு டொக்டர் வந்தாப்பிறகு மெதுவா. தசையில ஊசி போடுறதைத் தவிருங்கோ, புடையன் எண்டா ரத்தம் உறையாமல் குத்தின இடமெல்லாம் வடியும்.

ரத்தம் உறையுதா எண்டு பாக்கிறது இருக்கே, அதை நேர்ஸ்தான் வடிவாச் செய்யவேணும். ரெண்டு மில்லி ரத்தம், புதுசா காய்ஞ்ச கண்ணாடிக் குழாய், சவுக்காரம் போட்டுக் கழுவின குழாய் எண்டா முடிவு பிழைக்கும். 20 நிமிசம் அசைக்காமல் மேசையில வச்சிட்டு ஒருதரம் சரிச்சுப் பாக்கிறது. இடையில ஆர்வத்தில தூக்கிப் பாக்கக்கூடாது. உறைஞ்சிருந்தா கட்டியா நிக்கும். புடையன் விசம் எண்டா அந்த ரத்தம் தண்ணி மாதிரி விளிம்புக்கு ஓடிவரும், அதை முதல் தரம் கண்ட நேரம் எனக்கு நெஞ்சு பக்கெண்டுது.

விரியன் (கட்டுவிரியன்) கடி வேற மாதிரி. நிலத்தில பாயில படுத்தவைக்கு இரவில கடிக்கும், நோவும் இருக்காது, வீக்கமும் இருக்காது, விடியப்புறம் வயித்து வலி எண்டு வருவினம். கண்மடல் விழுதா எண்டு பாருங்கோ, "மேல பாருங்கோ ஐயா" எண்டு சொல்லிப் பாத்தாத் தெரியும். விழுந்தா அடுத்தது மூச்சு. நாங்கள் வச்சிருக்கிற இந்தியாவில செய்யிற விசமுறிப்பு மருந்து நாகம், விரியன், புடையன், சுருட்டை நாலுக்கும்தான், சிங்களத்தில குனகட்டுவா எண்டு சொல்லுற பாம்புக்கு வேலை செய்யாது. அது தூள், தண்ணி விட்டுக் கரைக்கேக்க குலுக்காதைங்கோ, நுரை வந்திடும், உள்ளங்கையில வச்சு உருட்டுங்கோ. சின்னப் பிள்ளைக்கும் பெரிய ஆளுக்கும் ஒரே அளவுதான், ஏனெண்டா ஏறின விசம் ஒரே அளவு. அட்ரினலின் சிரிஞ்சில எடுத்துப் பக்கத்தில வைக்காமல் அந்த மருந்தைத் தொடங்கக்கூடாது, நடுக்கம், தடிப்பு, இளைப்பு எப்பவும் வரலாம்.

எனக்கே ஊசி குத்திட்டுது, ஒருத்தருக்கும் சொல்லேல்ல

இப்பவே சொல்லுங்கோ. சவுக்காரமும் ஓடுற தண்ணியும் போட்டுக் கழுவுங்கோ, பிதுக்கி ரத்தம் எடுக்காதைங்கோ. எச்ஐவிக்கான தடுப்பு மருந்து தேவை எண்டா முதல் சில மணித்தியாலத்துக்குள்ள தொடங்கிறதுதான் நல்லது, 72 மணித்தியாலம் தாண்டினாப் பிரயோசனம் இல்லை. அதால விடியட்டும் எண்டு இருக்காதைங்கோ. மஞ்சட்காமாலை பி ஊசி மூண்டும் போட்டிட்டீங்களா எண்டு வேலைக்கு வர முதலே பாருங்கோ. பாவிச்ச ஊசிக்கு மூடி போடப் போய்த்தான் கனபேருக்குக் குத்துறது.

நடுச்சாமத்தில டொக்டரை எழுப்பினா ஏசுவாரோ எண்டு பயமா இருக்கு

ஏசலாம். ஏச்சு விடியப் போயிடும். அந்த டெங்குப் பெடியனின்ர கையைப் பிடிச்ச நேரம் நான் நினைச்சது அதுதான்.

ஆனா எழுப்பினா ஒழுங்காச் சொல்லவேணும். "சேர் ஒருக்கா வாங்கோ, பேஷண்ட் ஒரு மாதிரி இருக்கிறார்" எண்டு சொன்னா அவருக்கு என்ன விளங்கும்? "சேர், ஆம்பிளை வாட், பதினாலாம் கட்டில், எலிக்காய்ச்சல் எண்டு நேற்று வந்தவர், ஆறு மணித்தியாலமாச் சலம் 40 மில்லிதான், பிரசர் 90/60, மூச்சு 28, நீங்கள் வந்து பாக்கவேணும்" எண்டு சொல்லிப் பாருங்கோ. போன் எடுக்க முதல் கொப்பியில எழுதி வச்சிட்டு வாசியுங்கோ. வரேல்ல எண்டா பத்து நிமிசத்தில திரும்ப எடுங்கோ, பிறகு அவருக்கு மேல இருக்கிறவர். எடுத்த நேரத்தையும் சொன்னதையும் டிக்கெட்டில எழுதுங்கோ.

சிங்களம் தெரியாது, வவுனியாவில போட்டிட்டாங்கள்

வெலிஓயாப் பக்கம் இருந்தும் சிங்கள ஆக்கள் வருவினம், வவுனியா எண்டா சொல்லவே தேவையில்லை. மூண்டு வசனம் முதல் நாளே பழகுங்கோ: கொஹேத ரிதென்னே, எங்க நோகுது. ஹுஸ்ம கன்ன, மூச்சை எடுங்கோ. பய வென்ன எபா, பயப்பிடாதைங்கோ. மிச்சம் தானா வரும். கூட வேலை செய்யிற சிங்களப் பிள்ளையளும் தமிழ் தெரியாமல் இதே மாதிரித்தான் முழிச்சுக்கொண்டு வருவினம், ஒருத்தருக்கு ஒருத்தர் சொல்லிக் குடுங்கோ. ஆனா ஒப்பரேசனுக்குச் சம்மதம் வாங்கிற மாதிரி விசயத்தை அரைகுறை மொழியில செய்யக்கூடாது, மொழி நல்லாத் தெரிஞ்ச ஆள் வேணும்.

சண்டையில காயப்பட்ட ஆக்களோட என்ன கவனம் வேணும்? என்ன கேக்கலாம், என்ன கேக்கக்கூடாது?

வெளி மாவட்டத்தில இருந்து வாறவை கட்டாயம் கேக்கிற கேள்வி, நல்ல கேள்வி. இங்க கனபேரின்ர உடம்புக்குள்ள இப்பவும் சன்னம் இருக்கு, செல் துண்டு இருக்கு. எம்ஆர்ஐக்கு அனுப்ப முதல் "உடம்பில இரும்புத் துண்டு ஏதும் இருக்கா" எண்டு நேரடியாக் கேளுங்கோ, காந்தம் அதை உள்ளுக்க அசைக்கும். 2009 இல மூண்டு வயசா இருந்த பிள்ளை இப்ப பெரிய ஆள், தனக்குள்ள இருக்கிறது அவருக்கே மறந்திருக்கும், தாய் தகப்பனையும் கேளுங்கோ, தழும்பைப் பாருங்கோ. இருந்தா டொக்டருக்கும் எக்ஸ்ரே ஆக்களுக்கும் சொல்லவேணும்.

தேவைக்கு மேல கேக்காதைங்கோ. எப்பிடி நடந்தது, ஆர் செத்தது எண்டு உங்கட ஆர்வத்துக்காகக் கேக்கிறது பிழை, அவை தாங்களாச் சொன்னா இருந்து கேளுங்கோ. செயற்கைக் காலை எடுத்து மூலையில சாத்தி வைக்காதைங்கோ, கைக்கு எட்டுற இடத்தில வையுங்கோ, இரவில சலத்துக்கு எழும்ப அதுதான் வேணும். உங்களுக்கு வேலை பழக்கிற வயசான சிஸ்டர்மாரிலயும் சிலபேர் புதுமாத்தளன், முள்ளிவாய்க்கால் பள்ளிக்கூடக் கட்டடங்களில ஆஸ்பத்திரி நடந்த நேரம் அங்க நிண்டவை. ஒரு சிஸ்டர் பஞ்சை அரைவாசியா வெட்டித்தான் இப்பவும் எடுப்பா. ஏன் எண்டு நான் கேக்கேல்ல.

சாகவெண்டு மருந்து குடிச்சிட்டு வந்தவையோட என்னத்தைக் கதைக்கிறது?

ஏன் குடிச்சனீங்கள் எண்டு எல்லாருக்கும் முன்னால கேக்காதைங்கோ. "இப்ப எங்க நோகுது, தண்ணி வேணுமா" எண்டு தொடங்குங்கோ. சொந்தக்காரர் கட்டிலடியில நிண்டு ஏசினா வெளியில கூட்டிக்கொண்டு போங்கோ. நேர்ஸ் மேசைக்குக் கிட்டக் கட்டில் குடுங்கோ. தனிய இருக்கேக்க இன்னும் அந்த எண்ணம் இருக்கா எண்டு மெதுவாக் கேக்கலாம், கேக்கிறதால எண்ணம் கூடாது, சொல்ல ஆள் இல்லாமத்தான் கனபேர் தவிக்கினம். மனநல டொக்டர் பாக்காமல் வீட்ட விடவேண்டாம் எண்டு நினைவுபடுத்துங்கோ.

முதல் சாவைக் கண்டிட்டு அழுதிட்டன், அது பிழையா?

இல்லை. நானும் அழுதனான். நான் கண்ட முதல் சாவு வயசான ஒரு ஐயா, விடிய நாலு மணி. சிஸ்டர் சுடுதண்ணி கொண்டு வரச் சொன்னா, முகம் துடைக்க முதல் அவரிட்ட "ஐயா, முகம் துடைக்கப் போறம்", திருப்ப முதல் "ஐயா, இந்தப் பக்கம் திருப்பப் போறம்" எண்டு உயிரோட இருந்த நேரம் சொன்ன மாதிரியே சொன்னா. நானும் இப்ப அப்பிடித்தான் செய்யிறன்.

ஒண்டு கவனம். விபத்து, பாம்புக்கடி, நஞ்சு எண்டு மரண விசாரணைக்குப் போற சாவெண்டா கனுலா, குழாய் ஒண்டையும் கழட்டாதைங்கோ, அப்பிடியே விடவேணும்.

பிழை ஒண்டு செய்திட்டன், ஒருத்தரும் காணேல்ல, நோயாளிக்கும் ஒண்டும் ஆகேல்ல, சொல்லத்தான் வேணுமா?

வேணும். முதல் நோயாளியைப் பாருங்கோ, பிறகு டொக்டருக்கு, பிறகு சிஸ்டருக்கு. ஒண்டும் ஆகேல்ல எண்டு நீங்கள் இப்ப நினைக்கிறது நாலு மணித்தியாலத்தில மாறலாம். நான் அந்த இன்சுலின் விசயத்தை ஓவர் குடுக்கேக்க எல்லாருக்கும் முன்னால சொன்னன், நாக்கு ஒட்டிக்கொண்டுது. சிஸ்டர் என்னைத் தனியக் கூப்பிட்டு நல்லா ஏசினவ. ஆனா ஃபான் திருத்துற ஆள் அண்டைக்குப் பின்னேரம் வந்தார், கட்டில் மாறினா நேர்ஸுக்குச் சொல்லவேணும் எண்டு வாட்டில துண்டும் ஒட்டினவை. மூடி வச்சிருந்தா அந்த ஃபான் இன்னும் ஓடாமல்தான் இருந்திருக்கும்.

வீட்ட போனாலும் நித்திரை வரேல்ல, எதையோ செய்யாமல் வந்திட்டன் எண்டு மனம் அடிக்குது

வெளிக்கிட முதல் கொப்பியை எடுத்து ஒவ்வொரு கட்டிலுக்கும் நேர எழுதினதை ஒருதரம் விரலால தொட்டு வாசியுங்கோ, செய்யாததை வாயால ஓவர் குடுங்கோ. அப்பவும் வீட்டில நினைவு வந்தா வாட்டுக்குப் போன் எடுங்கோ, இரவு பத்து மணி எண்டாலும் பரவாயில்லை. "அஞ்சாம் கட்டில் அம்மாவுக்கு ரத்தம் எடுத்தனான், அனுப்பினனானோ தெரியேல்ல, ஒருக்காப் பாருங்கோ" எண்டு சொன்னாக் காணும். நான் நைட் நிண்ட நாளில இப்பிடி எத்தினையோ போன் வந்திருக்கு, ரெண்டு தரம் சாம்பிள் உண்மையாவே மேசையில கிடந்தது. வாட் நம்பரைக் கொப்பியின்ர முதல் பக்கத்தில எழுதி வையுங்கோ.